‘விசா போயிடும்’னு மிரட்டுறாங்களா? அமெரிக்காவில் தவிக்கும் மாணவர்களுக்கும் குடும்பங்களுக்கும் யார் துணை? - ஒரு முழு கைடு

இரவு 11 மணி. நியூ ஜெர்சியில் ஓர் அப்பார்ட்மென்ட். மதுரையிலிருந்து அம்மா வீடியோ காலில் வருகிறார். “சாப்ட்டியாடி?” “சாப்ட்டேம்மா.” “மாப்ள நல்லா இருக்காரா?” “ம்... நல்லா இருக்காரு.” போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. ‘மாப்ள’ எதிரிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

அதே நேரம், டெக்சாஸில் ஒரு வாடகை வீட்டின் ஹாலில், தரையில் போட்ட மெத்தையில் படுத்திருக்கிறான் ஒரு மாஸ்டர்ஸ் மாணவன். மூன்று நாள்களாக பிரெட்டும் வாழைப்பழமும்தான். அப்பாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போடுகிறான். “எல்லாம் சூப்பரா போகுதுப்பா.”

இந்த இருவரும் நாம் கற்பனை செய்துகொண்டவர்கள். ஆனால், இப்படி ஒரு வீட்டையோ, இப்படி ஒரு ஹாலையோ உங்கள் நட்பு வட்டத்தில் யாராவது பார்த்திருப்பார்கள். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் மட்டும் 3,31,602 பேர். அந்த ஆண்டு சீனாவை முந்தி இந்தியாதான் முதலிடம். அதுபோக வேலை விசாவில் போனவர்கள், அவர்களின் மனைவி, கணவர், குழந்தைகள்.

பிரச்னை வரும்போது இந்த இருவரையும் கட்டிப்போடுவது ஒரே பயம்தான்: ‘வெளியில சொன்னா விசா போயிடும், ஊருக்கு அனுப்பிடுவாங்க.’ இந்தப் பயம் பாதி உண்மை, பாதி பொய். எது உண்மை, எது பொய் என்று தெரிந்துகொண்டால் வழி தெரியும். உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். உங்கள் அக்காவுக்கு, ஸ்கூல் ஃபிரெண்டுக்கு, பழைய ரூம்மேட்டுக்குத் தேவைப்படலாம். எனவே, முழுசா படிச்சு வெச்சுக்கோங்க.

பூட்டு எங்கே இருக்கிறது?

முதலில் விசா கணக்கைப் புரிந்துகொள்வோம். ஐ.டி வேலைக்குப் போகிறவர் பெரும்பாலும் ஹெச்-1பி விசாவில் போவார். அவரின் மனைவி அல்லது கணவருக்கு ஹெச்-4. படிக்கப் போகிறவருக்கு எஃப்-1. அவரின் துணைக்கு எஃப்-2.

ஹெச்-4, எஃப்-2 இரண்டுமே ‘டிபெண்டன்ட்’ விசாக்கள். பெயரே சொல்லிவிடுகிறது, இன்னொருவரைச் சார்ந்த விசா. எஃப்-2-வில் இருப்பவர் அமெரிக்காவில் வேலை பார்க்கவே முடியாது. ஹெச்-4-ல் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு 2015-லிருந்து வேலை அனுமதி கிடைக்கிறது. ஆனால், கணவரின் கிரீன் கார்டு வேலைகள் குறிப்பிட்ட ஒரு கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். விவாகரத்து ஆகிவிட்டால், இந்த டிபெண்டன்ட் விசாவின் அடிப்படையே போய்விடும். பயத்தில் உண்மையான பாதி இதுதான்.

இங்கே இன்ஜினீயரிங் முடித்து, சென்னையில் கை நிறைய சம்பாதித்த பெண்ணாக இருக்கலாம். அங்கே போய் இறங்கியதும் சொந்தமாக பேங்க் கணக்கு இல்லை. கார் ஓட்டத் தெரியாது. பல ஊர்களில் பஸ்ஸும் கிடையாது. பால் வாங்கவே கணவர் அழைத்துப் போக வேண்டும். நல்ல கணவர் அமைந்தால் இது சில மாத சிரமம். வன்முறையாளர் அமைந்தால், அவர் தனியாக ஒரு பூட்டு வாங்கவே தேவையில்லை. விசாவே பூட்டாகிவிடும்.

அடிச்சாதான் வன்முறையா?

இல்லை. அடி, உதை பலருக்குக் கடைசியில்தான் வரும். அதற்கு முன்பே வருபவை இவை:

* பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், விசா பேப்பர்களைப் பூட்டி வைத்துக்கொள்வது.

* “நீ பேசினா உன் விசாவை கேன்சல் பண்ணிடுவேன்” என்று மிரட்டுவது.

* ஒவ்வொரு டாலருக்கும் கணக்குக் கேட்பது, அல்லது சம்பாதிக்கும் மனைவியின் சம்பளம் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வது.

* போனில் லொக்கேஷனை ஆன் பண்ணி வைக்கச் சொல்வது, பாஸ்வேர்டுகளைக் கேட்பது, ஊருக்குப் பேசும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது.

* விருப்பமில்லாதபோது உறவுக்கு வற்புறுத்துவது.

* ‘லீவுக்கு ஊருக்குப் போகலாம்’ என்று கூட்டிவந்து, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு தனியாகத் திரும்பிவிடுவது.

நம் குடும்பங்களில் இன்னொன்றும் உண்டு. வன்முறை செய்பவர் கணவர் மட்டுமாக இருக்க மாட்டார். ஆறு மாத விசாவில் வந்திருக்கும் மாமியாராக இருக்கலாம், ஊரிலிருந்து போனிலேயே வரதட்சணைக் கணக்குப் பேசும் மாமனாராக இருக்கலாம். ஆண்களும் பாதிக்கப்படுகிறார்கள். தன்பாலின இணையர்களிடமும் இது நடக்கிறது. கீழே சொல்லப்படும் சட்ட வழிகள் ஆண், பெண் இருவருக்குமே பொருந்தும்.

1985-ல் திறந்த கதவு

‘நம்ம ஊர் ஆளுங்களுக்கு அங்கே யாரு இருக்கா?’ என்று கேட்கலாம். இருக்கிறார்கள். அதுவும் 40 வருடங்களாக!

1985-ல் நியூ ஜெர்சியில் சில தெற்காசியப் பெண்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு ‘மானவி’. குடும்ப வன்முறையில் சிக்கிய தெற்காசியப் பெண்களுக்காக அமெரிக்காவில் உருவான முதல் அமைப்பு இது. அப்போதும் அங்கே பெண்களுக்கான காப்பகங்கள் இருந்தன. ஆனால், சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர், ஆங்கிலம் பேசத் தயங்குகிறவர் அங்கே போய் எப்படி இருப்பார்? ‘மாமியார் கொடுமை’, ‘வரதட்சணை’ என்பதையெல்லாம் அங்கிருக்கும் ஆலோசகருக்கு முதலில் இருந்தே விளக்க வேண்டும். ‘குடும்ப மானம் போயிடும்’ என்று ஒரு பெண் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்பது அவர்களுக்குப் புரியாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்த அமைப்புகள் வந்தன.

1989-ல் நியூயார்க்கில் ‘சகி’, அதே ஆண்டு சிகாகோவில் ‘அப்னா கர்’. கலிஃபோர்னியாவில் 1991-ல் ‘மைத்ரி’, 1992-ல் ‘நாரிகா’. 1995-ல் அட்லாண்டாவில் ‘ரக்ஷா’. 1996-ல் ஹூஸ்டனில் ‘தயா’, சியாட்டிலில் ‘சாயா’ (இப்போது இது ‘ஏபிஐ சாயா’). பெயர்களையே பாருங்களேன்... தோழி, நம்ம வீடு, நட்பு, காப்பு, தயை, நிழல். ஒரு பெண் பயந்துபோய் நிற்கும்போது என்ன தேவையோ, அதையே பெயராக வைத்திருக்கிறார்கள்.

இவர்கள் என்ன செய்வார்கள்? போனில் பேசுவார்கள். ‘உடனே வெளியே வா’ என்று வற்புறுத்த மாட்டார்கள். நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் பாதுகாப்பாக இருக்கத் திட்டம் போட்டுக் கொடுப்பார்கள். இமிக்ரேஷன் வழக்கறிஞரிடம் இணைப்பார்கள். கோர்ட்டுக்குத் துணைக்கு வருவார்கள். காப்பகத்தில் இடம் பார்ப்பார்கள். பிறகு ரெஸ்யூம் எழுதவும், பேங்க் கணக்கு திறக்கவும்கூட உதவுவார்கள். பொதுவாக இதற்குக் கட்டணம் இல்லை. பேசியது வெளியே போகாது. எந்த அமைப்பில் இன்று தமிழ் பேசுகிறவர் இருக்கிறார் என்பது மாறிக்கொண்டே இருக்கும். போன் செய்ததும் ‘தமிழ் வேண்டும்’ என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய முடியும்.

“போலீஸைக் கூப்பிட்டா என்னைத்தான் நாடு கடத்துவாங்களா?”

பயத்தின் பொய்யான பாதிக்கு வருவோம். ஒரு கணவருக்கு, ‘விசாவை கேன்சல் செய்கிறேன்’ என்று ஒரே போனில் மனைவியை நாடு கடத்தும் அதிகாரம் கிடையாது. அதை அரசாங்கம்தான் முடிவு செய்யும். அரசாங்கத்திடம், வன்முறையில் சிக்கியவர்களுக்கென்றே சில தனிக் கதவுகள் இருக்கின்றன. எல்லாக் கதவும் எல்லோருக்கும் திறக்காது. யாருக்கு எது என்று பார்ப்போம்.

கணவரோ மனைவியோ அமெரிக்கக் குடிமகன் அல்லது கிரீன் கார்டு வைத்திருப்பவர் என்றால்: 1994-ல் வந்த ‘பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம்’ (அங்கே சுருக்கமாக ‘வாவா’ என்கிறார்கள்) உதவும். வன்முறை செய்தவருக்குத் தெரியாமலேயே, அவர் கையெழுத்து இல்லாமலேயே, கிரீன் கார்டை நோக்கிய மனுவை நீங்களே போடலாம். விவாகரத்து ஆகியிருந்தாலும், அது வன்முறையோடு தொடர்புடையது என்றால் 2 வருடங்களுக்குள் போடலாம். போலீஸ் புகார் இருந்தால் நல்லது. ஆனால், அது இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. டாக்டர் சீட்டு, மெசேஜ்கள், சாட்சிகளின் கடிதம் என்று நம்பத்தகுந்த எந்த ஆதாரத்தையும் வைக்கலாம்.

2 வருட ‘நிபந்தனை’ கிரீன் கார்டில் இருப்பவர் என்றால்: வழக்கமாக அந்த நிபந்தனையை நீக்க இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். வன்முறை நடந்திருந்தால், அதைக் காட்டி நீங்கள் தனியாகவே விண்ணப்பிக்கலாம்.

ஹெச்-4 என்றால்: ‘வாவா’வின் சுய மனு உங்களுக்குப் பொருந்தாது. காரணம், ஹெச்-1பி என்பது கிரீன் கார்டு இல்லை. ஆனால், வன்முறைக்கு ஆளான ஹெச்-4 துணைக்குத் தனியாக வேலை அனுமதி கொடுக்க அதே சட்டத்தின் 2005 திருத்தத்தில் வழி உண்டு. இது பலருக்குத் தெரிவதே இல்லை.

எஃப்-2 உட்பட எந்த விசாவாக இருந்தாலும்: ‘யு விசா’ என்று ஒன்று இருக்கிறது. 2000-ல் வந்த சட்டம் கொடுத்தது. குடும்ப வன்முறை உள்ளிட்ட குறிப்பிட்ட குற்றங்களால் பாதிக்கப்பட்டு, போலீஸ் விசாரணைக்கு உதவுகிறவருக்கானது. இதில் ஒரு கஷ்டம் உண்டு. வருடத்துக்கு 10,000 பேருக்குத்தான் கிடைக்கும் என்பதால், வரிசை பல வருடங்கள் நீளம். எஃப்-2-வில் இருப்பவர் தானே கல்லூரியில் இடம் வாங்கி எஃப்-1-க்கு மாற விண்ணப்பிப்பதும் ஒரு வழி.

இன்னொரு முக்கியமான விஷயம். இந்த மனுக்களில் ரகசியக் காப்பு உண்டு. வன்முறை செய்தவர் கொடுக்கும் தகவலை மட்டுமே வைத்து, பாதிக்கப்பட்டவருக்கு எதிராக இமிக்ரேஷன் அதிகாரிகள் முடிவெடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

பாதுகாப்பு ஆணையும் கோர்ட்டில் கேட்கலாம். ‘இவர் என்னை நெருங்கக் கூடாது’ என்று நீதிபதி எழுத்தில் கொடுப்பது. இதைக் கேட்க கிரீன் கார்டு தேவையில்லை. ஒரு மாநிலத்தில் வாங்கிய ஆணை மற்ற எல்லா மாநிலங்களிலும் செல்லும்.

ஒரு எச்சரிக்கை. இமிக்ரேஷன் விதிகளும் அவற்றை நடத்தும் விதமும் அடிக்கடி மாறுகின்றன. எனவே, எந்தப் படிவத்தையும் அனுப்பும் முன் இமிக்ரேஷன் வழக்கறிஞரிடம் பேசுங்கள். ‘நான் முடிச்சுத் தரேன்’ என்று சொல்லும் ஏஜென்ட், யூடியூபர், வாட்ஸ்அப் குரூப் அண்ணன்... யாரும் வேண்டாம். வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால், மேலே சொன்ன அமைப்புகளே இலவச சட்ட உதவிக்கு வழிகாட்டுவார்கள்.

வெளியே வரும் முன்... செக் லிஸ்ட்

வெளியேறும் நேரம்தான் மிகவும் ஆபத்தான நேரம் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்வார்கள். கோபத்தில் ‘நான் போறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதைவிட, திட்டம் போட்டுக் கிளம்புவது பாதுகாப்பு. ஆனால், உயிருக்கு ஆபத்து என்றால் எந்தத் திட்டமும் வேண்டாம், எந்தப் பேப்பரும் வேண்டாம். வெளியே ஓடி 911-ஐ அழையுங்கள்.

பேப்பர்கள்: பாஸ்போர்ட், விசா, ஐ-94, திருமணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், வரிப் படிவங்கள், வீட்டு வாடகை ஒப்பந்தம். ஒரிஜினல் கிடைக்கவில்லையா? போட்டோ எடுத்து, அவருக்குத் தெரியாத புது இமெயிலுக்கு அனுப்பிவிட்டு, போனிலிருந்து அழித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டை அவர் பிடுங்கி வைத்திருந்தால், இந்தியத் தூதரகத்தில் மாற்று பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க முடியும்.

போன்: உங்கள் போன் அவர் பெயரில் உள்ள ஃபேமிலி பிளானில் இருக்கலாம். யாரைக் கூப்பிட்டீர்கள் என்று அவருக்கு பில்லில் தெரியலாம். முடிந்தால் நண்பரின் போன், லைப்ரரி கம்ப்யூட்டர், காலேஜ் லேப் என்று வேறு வழியில் தொடர்புகொள்ளுங்கள். லொக்கேஷன் ஷேரிங்கை திடீரென்று நிறுத்தினாலும் சந்தேகம் வரும் என்பதால், அதை எப்போது நிறுத்துவது என்று ஆலோசகரிடம் கேட்டு முடிவெடுங்கள். 2022-ல் வந்த ‘பாதுகாப்பான இணைப்புகள் சட்டம்’ ஒரு நல்ல வசதியைக் கொடுத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் கேட்டால், ஃபேமிலி பிளானிலிருந்து அவருடைய லைனைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியது போன் நிறுவனத்தின் கடமை.

ஆதாரம்: மிரட்டல் மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். காயம்பட்டால் டாக்டரிடம் போங்கள். ‘வழுக்கி விழுந்துட்டேன்’ என்று சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள். அது பதிவாகும், பின்னால் அதுவே ஆதாரமாகும்.

குழந்தை: இதைத்தான் பலர் தெரியாமல் செய்துவிடுகிறார்கள். ‘முதல்ல ஊருக்கு வந்துடு, பார்த்துக்கலாம்’ என்று பெற்றோர் சொன்னதைக் கேட்டு, குழந்தையோடு ஃப்ளைட் ஏறிவிடுவது. தந்தையின் சம்மதமோ கோர்ட் அனுமதியோ இல்லாமல் குழந்தையை நாட்டைவிட்டுக் கொண்டுவந்தால், கடத்தல் வழக்குவரை போகலாம். 1993-லிருந்து அமெரிக்காவில் இதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. டிக்கெட் போடும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

மாணவர்களே... பசியைச் சொல்ல வெட்கப்படாதீங்க!

இப்போது டெக்சாஸ் ஹாலில் படுத்திருக்கும் மாணவனிடம் வருவோம். வீட்டை அடமானம் வைத்து வாங்கிய லோன். டாலருக்கு எதிராக ரூபாய் விழ விழ, அதே ஃபீஸுக்கு அப்பா இன்னும் அதிகமாக அனுப்ப வேண்டும். எஃப்-1 மாணவர் செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அந்த வேலையும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

அப்போதுதான் ‘கேஷ் வேலை’ வரும். பெட்ரோல் பங்க், ரெஸ்டாரன்ட், கடை. கையில் காசு, கணக்கில் இல்லை. இது விசா விதிமீறல். அது தெரிந்துதான் சில முதலாளிகள் பாதிச் சம்பளம் கொடுப்பார்கள், சிலர் அதையும் தர மாட்டார்கள். “யாருகிட்ட போய் சொல்லுவ?” என்று கேட்பார்கள். மேலே பார்த்த அதே பூட்டு, வேறு கையில்!

அதற்குப் பதிலாக என்ன செய்யலாம்?

கேம்பஸ் ஃபுட் பேன்ட்ரி: பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இலவசமாக அரிசி, பருப்பு, காய்கறி, டப்பா உணவு கொடுக்கும் இடம் இருக்கிறது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1993-லேயே மாணவர்களுக்காக மாணவர்களே இதைத் தொடங்கிவிட்டார்கள். பெரும்பாலும் மாணவர் அடையாள அட்டையே போதும். சர்வதேச மாணவர்களும் போகலாமா என்று உங்கள் கேம்பஸில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். இது பிச்சை இல்லை பாஸ், உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் திறந்து வைத்திருக்கிறார்கள்.

குருத்வாரா: எந்த மதம், எந்த நாடு என்று கேட்காமல் லங்கரில் சாப்பாடு போடுவார்கள். தலையை மூடிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிடலாம். பல இந்துக் கோயில்களிலும் வார இறுதியில் அன்னதானம் உண்டு.

இன்டர்நேஷனல் ஆபீஸ்: உங்கள் விசா ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் டி.எஸ்.ஓ என்ற அதிகாரி இங்கேதான் இருப்பார். ஃபீஸ் கட்ட முடியவில்லை, படிக்க முடியவில்லை, உடம்பு சரியில்லை என்றால், பாடத்தை டிராப் பண்ணும் முன் இவரிடம் பேசுங்கள். முன் அனுமதி இல்லாமல் பாடங்களைக் குறைத்தால் விசா நிலைக்கே ஆபத்து. முறைப்படி கேட்டால், மருத்துவக் காரணத்துக்குப் பாடங்களைக் குறைக்க வழி இருக்கிறது. மன அழுத்தமும் மருத்துவக் காரணம்தான். ஒரு கல்வியாண்டு முடித்தவர்கள், எதிர்பாராத கடும் பண நெருக்கடி வந்தால், வெளியே வேலை பார்க்க அனுமதி கேட்கவும் முடியும். ரூபாய் மதிப்பு பெரிதாக விழுவது, வீட்டில் பெரிய மருத்துவச் செலவு வருவது போன்றவை இதில் வரும்.

எமர்ஜென்சி ஃபண்ட்: திடீர் நெருக்கடிக்குச் சிறு தொகை கொடுக்கும் நிதி பல பல்கலைக்கழகங்களில் உண்டு. ‘டீன் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ அலுவலகத்தில் கேளுங்கள்.

காதலனோ, ரூம்மேட்டோ, மனைவியோ, கணவனோ உங்களிடம் வன்முறை செய்தால், கேம்பஸிலேயே உதவி உண்டு. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பேராசிரியரிடம் சொன்னால், பல இடங்களில் அவர் அதை நிர்வாகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டியிருக்கும். கவுன்சலிங் சென்டரில் இருக்கும் ஆலோசகரிடம் சொன்னால் பொதுவாக ரகசியமாக இருக்கும். எனவே, பேசத் தொடங்கும் முன்பே, “நான் சொல்றதை நீங்க வேற யாருக்காவது சொல்லணுமா?” என்று கேட்டுவிடுங்கள்.

‘வாழவே பிடிக்கலை’ என்று தோன்றினால் 988. போனும் பண்ணலாம், மெசேஜும் பண்ணலாம். 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள்.

பொங்கல் விழாவுக்கு வராத அந்த ஒருத்தி

அமெரிக்காவில் தமிழ்ச் சங்கம் இல்லாத பெரிய ஊர் குறைவு. சங்கங்களின் கூட்டமைப்பான ‘ஃபெட்னா’ 1987-லிருந்து இயங்குகிறது. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள், கோயில்கள், பொங்கல் விழா, கிரிக்கெட் டீம் என எல்லாம் இருக்கின்றன. ஒரு பெண்ணைக் கட்டுப்படுத்த நினைப்பவர் முதலில் துண்டிப்பது இந்தக் கூட்டத்தோடு இருக்கும் தொடர்பைத்தான். அப்படியென்றால், அதை முதலில் கவனிக்க முடிந்ததும் இந்தக் கூட்டம்தான்.

நீங்கள் அங்கே இருப்பவரா? இவற்றைச் செய்யலாம்:

* போன வருஷம் வந்தவர் இந்த வருஷம் ஏன் வரவில்லை என்று விசாரியுங்கள். எப்போதும் கணவர் முன்னால் மட்டுமே பேசுகிறாரா என்று பாருங்கள்.

* தனியாக இருக்கும்போது மட்டும் கேளுங்கள். “வீட்ல எல்லாம் ஓகேவா? பேசணும்னா நான் இருக்கேன்” - இது போதும்.

* சொன்னதை நம்புங்கள். “அவரு அப்படிப்பட்ட ஆளா தெரியலையே” என்று மட்டும் சொல்லாதீர்கள். சங்கத்தில் சிரித்துப் பேசும் மனிதர் வீட்டில் எப்படி என்று உங்களுக்குத் தெரியாது.

* இருவரையும் உட்காரவைத்துப் பஞ்சாயத்து பேசாதீர்கள். அன்று அவர் தலையாட்டுவார். இரவு கதவு மூடிய பிறகு, அவள் வெளியில் சொன்னதற்கான தண்டனை வரும்.

* ஹெல்ப்லைன் எண்ணை சங்க விழாவின் மேடையில் அறிவிப்பதைவிட, லேடீஸ் ரெஸ்ட் ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். கணவர் கூட வர முடியாத ஒரே இடம் அதுதான்.

* புதிதாக வந்திருப்பவருக்கு டிரைவிங் சொல்லிக்கொடுங்கள். லைப்ரரி கார்டு எடுத்துக் கொடுங்கள். இது அவர் கையில் கொடுக்கும் சாவி.

ஊரில் இருக்கிறவங்க என்ன செய்யணும்?

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, தங்கச்சி கல்யாணம் இருக்கு.” இந்த ஒரு வரி எத்தனை பேரின் வாயை அடைத்திருக்கும்? அம்மா, அப்பா, அண்ணன்களே... அவள் முதல் முறை சொல்வதற்கே பல மாதங்கள் யோசித்திருப்பாள். அப்போது நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் இரண்டாம் முறை சொல்வாள்.

வீட்டுக்குள் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். “பாட்டிக்கு மருந்து வாங்கியாச்சா?” என்று அவள் கேட்டால் ‘ஆபத்து’ என்று அர்த்தம். ஒன்று நினைவிருக்கட்டும். சென்னையிலிருந்து 911 போட்டால் அமெரிக்க போலீஸுக்குப் போகாது. அவள் இருக்கும் ஊரின் போலீஸ் நிலைய எண்ணையும், முழு முகவரியையும், பக்கத்தில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரின் எண்ணையும் இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியச் சட்டத்திலும் வழிகள் உண்டு. கணவர் வீட்டாரின் கொடுமைக்கான பழைய 498ஏ பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-வது பிரிவாக இருக்கிறது. துரத்தப்பட்டுத் தாய்வீட்டில் தஞ்சம் புகுந்த பெண், அந்த ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஊரில் விட்டுவிட்டு அங்கே போய் அவர் விவாகரத்து வாங்கிவிட்டாரா? அது இந்தியாவில் தானாகச் செல்லாது என்பதற்கும் 1991-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. ஆனால், அங்கிருந்து வரும் நோட்டீஸை அலட்சியம் செய்யாதீர்கள். கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

வாஷிங்டன் தூதரகமும், நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ, ஹூஸ்டன், அட்லாண்டா, சியாட்டில் நகரங்களில் உள்ள துணைத் தூதரகங்களும் ‘இந்திய சமூக நல நிதி’ மூலம் நெருக்கடியில் இருப்பவர்களுக்கு உதவ முடியும். தற்காலிகத் தங்குமிடம், கைவிடப்பட்ட மனைவிக்குச் சட்ட உதவி, ஊர் திரும்ப டிக்கெட் போன்றவை தகுதியைப் பொறுத்து இதில் வரும். வெளியுறவுத் துறையின் ‘மதத்’ இணையதளத்தில் இங்கிருந்தே குடும்பத்தினர் புகாரைப் பதிவு செய்யலாம். தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாட்டு இந்தியர் திருமணங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையையும் அணுகலாம்.

இப்போதே சேவ் பண்ணுங்க

* 911 - அமெரிக்காவில் அவசர உதவி. ஆங்கிலம் தடுமாறினால், ‘தமிழ், இந்தியா’ என்றும் முகவரியையும் மட்டும் சொல்லுங்கள்.

* 1-800-799-7233 - அமெரிக்க தேசியக் குடும்ப வன்முறை ஹெல்ப்லைன். 24 மணி நேரமும் இயங்கும், மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். பேச முடியாத சூழல் என்றால், ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ட்’ என்று டைப் செய்து 88788-க்கு அனுப்பலாம்.

* 211 - உணவு, தங்குமிடம், உள்ளூர் உதவிகள்.

* 988 - மனநல நெருக்கடி.

* 181 - தமிழ்நாட்டில் பெண்கள் உதவி மையம்.

* 7827170170 - தேசிய மகளிர் ஆணையத்தின் ஹெல்ப்லைன்.

உங்களுக்கே ஆபத்து இருக்கிறது என்றால், இந்த எண்களை ‘டெய்லர்’, ‘மளிகைக் கடை’ என்று வேறு பெயரில் சேவ் பண்ணுங்கள். இந்தப் பக்கத்தைப் படித்ததையும் ஹிஸ்டரியிலிருந்து அழித்துவிடுங்கள்.

நமக்கெல்லாம் வெளிநாட்டில் ஒரு நட்போ, உறவோ இருக்கும். இன்று ஒரு மெசேஜ் போடுங்கள். ‘எப்டி இருக்க?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் பதில் வரும். அதனால், ‘நீ தனியா இருக்கும்போது கூப்பிடு, எவ்ளோ நேரமானாலும் பரவாயில்லை’ என்று அனுப்புங்கள். கூப்பிட்டால், எடுங்கள்.